பினாங்கில் படகை மூன்று மாதம் கரையில் வைக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பத்து மாவுங்கில் அவுட்போர்ட் இஞ்சின் போட்ட ஃபைபர் படகு. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வதுபோல் ஆன்டிஃப்ரீஸ் ஊற்ற வேண்டுமா?

வேண்டாம். குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்து சுமார் 9 சதவீதம் பருத்து இஞ்சின் பிளாக்கையே பிளக்கும், அதற்குத்தான் அது. நமக்கு எதிரி உப்பும் மழையும்.

பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை முதலில் அதில் கலந்துவிடுங்கள், உப்புப் போக இஞ்சினைக் கழுவும்போதே அது கார்புரேட்டர் வரை போய்விடும். பிறகு இஞ்சினின் நீர் உறிஞ்சும் துளைக்குப் பைப் தண்ணீரைத் திறந்துவிட்டு, நியூட்ரலில் 10–15 நிமிடம் ஓடவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். நிறுத்தியதும் இஞ்சினைச் செங்குத்தாக வையுங்கள், உள்ளே நிற்கும் நீர் வடியட்டும்.

கியர் எண்ணெயைப் பலரும் திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். தப்பு. கியர் பெட்டியின் கீழ் ஸ்க்ரூவையும் மேல் ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். எண்ணெய் பால் டீ நிறத்தில் வந்தால் சீல் கசிந்து தண்ணீர் புகுந்திருக்கிறது. அதோடு மூன்று மாதம் கிடந்தால் பேரிங் துருப்பிடிக்கும். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றுங்கள், மேல் துளையில் வழியும்வரை. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும். மூடும்போது மேல் ஸ்க்ரூ முதலில்.

பேட்டரியைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

படகின் முன்பக்கத்தை உயர்த்தி, அடியில் உள்ள வடிகால் பிளக்கைக் கழற்றுங்கள். 4 மீட்டருக்கு 1.5 மீட்டர் தளத்தில் 10 சென்டிமீட்டர் மழைநீர் நின்றாலே 600 கிலோ, டிரெய்லர் வளையும். ஏடிஸ் கொசு வேறு. நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் வரலாம். கழற்றிய பிளக்கைச் சாவிக்கொத்தோடு கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் அதை மாட்டாமலே படகைக் கடலில் இறக்குவீர்கள்.