நன்றியை யாரிடம் சொல்வது? (கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு வயது 48. கடை வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடை மெல்ல ஓட்டமாகிவிட்டது. விடியற்காலையில் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறேன். மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். ஓட்டம் சூடுபிடித்த பிறகு காரணமே இல்லாமல் நெஞ்சு நிறைந்து, எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லத் தோன்றும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. யாருக்குச் சொல்வது? வீட்டுக்கு வந்து குளித்து, தயாராக இருக்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்புவதற்குள் அந்த உணர்வு போய்விடுகிறது. முதல் வாடிக்கையாளரிடமே எரிந்து விழுகிறேன். அதை நாள் முழுக்கத் தக்கவைப்பது எப்படி?

க., கோவை

அன்புள்ள க.,

தக்கவைக்க முடியாது. அதற்காக வருந்தவும் வேண்டாம். விடாமல் ஓடும்போது உடல் தானே உண்டாக்கும் எண்டோகன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கூடுகின்றன. கஞ்சா மூளை செல்களில் எந்த ஏற்பிகளில், அதாவது வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களில், ஒட்டுகிறதோ, அவற்றிலேயேதான் இவையும் ஒட்டுகின்றன. முன்பெல்லாம் இந்தப் பரவசத்துக்கு, உடலே சுரக்கும் வலி நிவாரணியான எண்டார்ஃபினுக்கே மொத்தப் பெயரும் போய்க்கொண்டிருந்தது. எதுவானாலும் ஊறியது வடியத்தான் செய்யும். வாடிக்கையாளர் மேல் பாய்வது வேறு கணக்கு. அதை ஓட்டத்தின் தலையில் கட்டாதீர்கள்.

யாருக்குச் சொல்வது என்று கேட்டீர்களே, அது நல்ல கேள்வி. பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங், மனைவியையும் மகனையும் பறிகொடுத்த துயரத்தில் முதுமையில் ஓட வந்தவர். 2000-இல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது வயது 89. கடைசி ஆறு மைல் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவதாகச் சொல்வார். அவருக்குப் பேச ஆள் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே கொஞ்சம் கீழே பார்ப்போம்.

முதலில் உங்கள் கால். சும்மா இருக்கும் தசைக்கு, ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுக்க இன்சுலின் வந்து கதவு திறக்க வேண்டும். ஓடும் தசை அதற்காகக் காத்திருப்பதில்லை. சுருங்கி விரிகிற வேலையே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓட்டம் நின்ற பிறகும் பல மணி நேரம் அதே தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. இத்தனை ஆண்டுகள் கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனிதருடைய கால்கள்! வித்தையை மறக்காமல் வைத்திருக்கின்றன.

அடுத்தது அந்த இட்லி. கடிதத்தில் அதைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டீர்கள். இட்லி தானாகத் தயாராவதில்லை. முந்தைய நாளே அரிசி ஊறப்போட்டு, மாவாட்டி, புளிக்கவைத்து, நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு சுற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவர் அடுப்படியில் நின்றிருக்கிறார். உங்கள் ஓட்ட நேரம் அவர் கணக்கிலிருந்து எடுத்தது. நம் ஊரில் காலை ஓட்டக்காரர்கள் பெரும்பாலோர் கதை இதுதான். ரேஸ்கோர்ஸில் ஓடும் ஆண்களையும் பெண்களையும் ஒருநாள் எண்ணிப் பாருங்கள்.

அவரும் உங்களை ஒத்த வயதுக்காரர் என்றே நினைக்கிறேன். அவருக்குச் சர்க்கரை பார்த்து எவ்வளவு நாளாகிறது? வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் நடக்கப் போகட்டும். உங்கள் சட்னி முதல் மாதம் வாயில் வைக்க விளங்காது. அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு சில நடைமுறை விஷயங்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடம் கேளுங்கள். எப்படியும் சட்டைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கலாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது. தினமும் ஷூவைக் கழற்றியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்கு இருவருமாகப் போங்கள். எழுதும்போது அவருடைய எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.