ஐந்து வருட ஒப்பந்த வேலை: நிரந்தர நியமனம் கேட்க முடியுமா?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கிழக்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் ஐந்து வருடமாக ஆய்வுகூட உதவியாளராக வேலை செய்கிறார். எல்லாம் ஆறு மாத ஒப்பந்தக் கடிதங்கள்; ஒன்று முடிந்து மற்றது தொடங்க மூன்று நாள் இடைவெளி. இப்போது அதே பதவிக்கு நிரந்தரமாக ஆள் எடுக்க விளம்பரம் வந்திருக்கிறது. அவருடைய கடிதம் இந்த மாதத்தோடு முடிகிறது. "நிரந்தர நியமனம் கோரமாட்டேன்" என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். "எனக்கு ஏதாவது உரிமை இருக்கா? விளம்பரத்துக்கு விண்ணப்பித்தால் பழைய சேவையை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமா?" என்பது அவருடைய கேள்வி.

சகோதரி, முதலில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பிப்பதால் எந்த உரிமையும் போகாது. விண்ணப்பிக்காமல் விட்டால்தான், "அவர் போட்டியிடவே இல்லையே" என்று நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்வார்கள். பத்துக் கடிதங்களின் பிரதிகளையும், துறைத் தலைவரிடமிருந்து சேவைச் சான்றிதழையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது, கசப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டியது. ஐந்து வருடம் வேலை செய்ததால் மட்டும் நிரந்தர நியமனம் தானாக வந்துவிடாது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ், நிரந்தரப் பதவி என்றால் ஆட்சேர்ப்புத் திட்டப்படி (அந்தப் பதவிக்கு என்ன தகுதி, எப்படித் தெரிவு என்று வகுத்த விதிகள்), தெரிவுக்குழு வழியாக வர வேண்டும். வாகரையிலோ சம்மாந்துறையிலோ அதே தகுதியோடு காத்திருக்கும் ஒருவருக்கும் அந்தப் பதவிக்குப் போட்டியிடும் உரிமை உண்டு. நீதிமன்றம் அவரையும் மனதில் வைத்துத்தான் உங்கள் வழக்கைப் பார்க்கும். அதனால் நீங்கள் முதன்முதலில் எப்படிச் சேர்ந்தீர்கள் என்பது முக்கியம். விளம்பரம், நேர்முகப் பரீட்சை என்று நடந்து சேர்ந்திருந்தால் உங்கள் கை பலமானது. துறைத் தலைவரின் ஒரு கடிதத்தோடு சேர்ந்திருந்தால் கொஞ்சம் பலவீனம்தான்.

சரி, அப்படியானால் பல்கலைக்கழகம் செய்தது நியாயமா? நியாயம் இல்லை என்பதே என் கருத்து. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் எங்கே பிடிக்க வேண்டும் என்றும் தெரியும். ஒரு துறைக்கு எத்தனை பேர் என்பதை அங்கீகரிக்கப்பட்ட ஆளணி தீர்மானிக்கிறது. அதற்குத் திறைசேரியின் கீழுள்ள முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் ஒப்புதல் வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்று இடம் வெற்றிடமானாலும், அதை நிரப்பத் தனி அனுமதி தேவைப்படலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த அனுமதி இன்னும் இறுகிப்போனது. ஆனால் மாணவர்களின் செய்முறை வகுப்பு நின்றுவிடாதே! யாரோ அமிலப் போத்தலை எடுத்து வைக்க வேண்டும், உபகரணத்தைக் கழுவ வேண்டும். அதற்காக எடுத்த ஆறு மாதக் கடிதம் நாளடைவில் நிர்வாகத்தின் வழக்கமாகிவிடுகிறது. நிரந்தரத் தேவையைத் தற்காலிக ஆட்களை வைத்தே ஓட்டிவிடலாம் என்று ஆனபின் வெற்றிடத்தை நிரப்பச் சொல்லி யாரும் அவசரப்பட்டுக் கடிதம் எழுதுவதில்லை. அந்தத் திட்டமிடல் குறைபாட்டின் முழுப் பாரமும் உங்களைப் போன்றவர்கள் தலையில் விழுகிறது. இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற விஷயம்.

ஆகவே உங்கள் ஆயுதம் அந்த அலுவலகக் காகிதங்கள்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்: உங்கள் பதவிக்கான அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு, வெற்றிடம் எந்தத் திகதியிலிருந்து, நிரப்ப அனுமதி எப்போது கேட்கப்பட்டது, எப்போது கிடைத்தது, நடைமுறையிலுள்ள ஆட்சேர்ப்புத் திட்டத்தின் பிரதி, உங்களை நீடிக்கச் சொல்லித் துறை அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதி. கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். "இவர் இல்லாமல் ஆய்வுகூடம் நடக்காது" என்று துறைத் தலைவர் எழுதியிருந்தால், தற்காலிகத் தேவை என்ற கதை அங்கேயே உடைந்துவிடும். மூன்று நாள் இடைவெளியைக் காட்டி உங்கள் சேவை தொடர்ச்சியானதல்ல என்று சொன்னால், அதற்கும் அதுவே நல்ல பதில். பல்கலைக்கழகம் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து நாளைத் தவறவிடாதீர்கள். அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையின் கீழ் சமத்துவ உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் போக, 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் தருகிறது. உரிமை மீறப்படவிருக்கிறது என்ற நிலையிலும் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நேர்முகத்தில் ஆட்சேர்ப்புத் திட்டத்தை மீறி வேறொருவர் நியமிக்கப்பட்டால் வழி வேறு. பல்கலைக்கழகச் சேவைகள் மேன்முறையீட்டுச் சபைக்கு அத்தகைய நியமனங்களை விசாரிக்கும் அதிகாரம் இருக்கிறது. அதற்கு நேர்முகத்தில் யாருக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியல் தேவைப்படும். முடிவு வந்தவுடன் அதையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் காட்டும், ஆனால் அதனால் மட்டும் வழக்கு முடிந்துவிடாது. வேலை போய்விடும் என்ற நிலையில் வாங்கப்பட்டது என்பதை, வாங்கிய திகதி, தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டவரின் பதவி, அப்போது அங்கிருந்தவர்கள் என்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சேமலாப நிதிக்கு உங்கள் பெயரில் ஒழுங்காகப் பணம் போனதா என்றும் பாருங்கள். கொழும்பு வரை வழக்குக்குப் போகச் செலவு தாங்காது என்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்கு வருமான விபரத்தோடும் பத்துக் கடிதங்களோடும் இந்த வாரமே போங்கள்.