எந்தப் பில் எந்த நாணயத்துக்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பதினைந்து வருடமாகப் பழைய நாணயம் சேர்க்கிறேன் ஐயா. கண்காட்சி, ஏலம், தெரிந்த டீலர் என்று வாங்கியதில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. மகள் படிப்புக்காகக் கொஞ்சம் விற்க வேண்டும். பில் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. வருமான வரிக்கு அது போதுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் டப்பாவிலிருந்து ஒரு பில்லை எடுத்துப் பாருங்கள், "பழைய நாணயம் 6, ரூ. 9,400" என்றுதான் இருக்கும். எந்த ஆறு? இப்போது விற்கப்போகும் விக்டோரியா ரூபாய் அதில் ஒன்றா, அப்படியென்றால் அதன் பங்கு எவ்வளவு? இதைச் சொல்ல முடியாவிட்டால் பில் இருந்தும் பாதிதான் பயன்.

பங்குச் சந்தையில் டீமேட் கணக்கு, அதாவது பங்குகளைக் கம்ப்யூட்டரில் வைக்கும் கணக்கு என்றால் முதலில் வாங்கியது முதலில் விற்றதாகத் தானே கணக்காகிவிடும். நாணயத்துக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொன்றும் தனிச் சொத்து, அதற்கு எப்போது என்ன விலை கொடுத்தீர்கள் என்பதைத் தனியாகக் காட்டியாக வேண்டும். நான் ஒருமுறை கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் செப்புக் காசு 37ஐ மொத்தமாக ஒரே பில்லில் வாங்கினேன். ஆறு வருடம் கழித்து அதில் நல்லதாக நான்கை விற்றபோது, அந்த நான்குக்கும் என்ன விலை போட்டேன் என்று ஆடிட்டர் கேட்டார். 37ஆல் வகுத்துச் சொன்னேன். நல்ல காசுக்கும் தேய்ந்த காசுக்கும் ஒரே விலையா என்று திருப்பிக் கேட்டார், நியாயமான கேள்விதான். அதற்கப்புறம் மொத்தமாக வாங்கினால் அன்று இரவே உட்கார்ந்து, எந்தக் காசுக்காக எவ்வளவு கொடுத்தேன் என்று பிரித்து எழுதிவிடுகிறேன்.

இது எவ்வளவு பணம் என்று பாருங்கள். ஏலத்தில் ஒரு நாணயம் 20,000க்கு உங்கள் பெயரில் விழுந்தது, ஏல நிறுவனம் அதன் மேல் வாங்கும் கட்டணமான பிரீமியம், ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேர்ந்து 23,000 ஆனது என்று வைத்துக்கொள்வோம். நிறையப் பேர் 20,000 என்று மட்டும் குறித்துவைக்கிறார்கள். 23,000தான் வாங்கிய விலை. சில வருடம் கழித்து 60,000க்கு விற்று, கமிஷன் 6,000 போக 54,000 கைக்கு வந்தால் லாபம் 31,000. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றது நீண்டகால லாபம், 2024 ஜூலை 23 அன்றோ அதற்குப் பிறகோ விற்றதற்கு 12.5 சதவீதம் வரி, அதாவது 3,875 ரூபாய், செஸ் தனி. வாங்கிய விலையைக் காட்டவே முடியாவிட்டால் முழு 54,000க்கும் வரி போட இடம் கொடுக்கிறீர்கள், அது 6,750. ஒரே ஒரு நாணயத்துக்கு இந்த வித்தியாசம். 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அந்த விகிதத்தில் வரி வரும், அதனால் தேதியும் விலை அளவுக்கு முக்கியம்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் பில்களை போட்டோ எடுங்கள். கடைகளில் மெஷினில் வரும் வழவழப்பான பில் சில வருடத்தில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். அப்புறம் நாணயத்துக்கு ஒரு எண் கொடுத்து, அதை வைக்கும் உறையான ஹோல்டர் மேல் எழுதி, நோட்டில் அதே எண்ணுக்கு நேராகத் தேதி, யாரிடம், என்ன விலை, எடை, இரண்டு பக்கப் படம் என்று பதியுங்கள். ஒரே வருட ரூபாய் ஐந்து இருந்தால் எடையையும் படத்தையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். கண்காட்சியில் பலர் பில் தரமாட்டார்கள், அங்கே ஜிபே மாதிரி எதிலாவது பணம் அனுப்பி, டீலருக்கு வாட்ஸ்அப்பில் நாணயத்தின் படத்தையும் விலையையும் போட்டு "சரிதானே அண்ணே" என்று ஒரு பதில் வாங்கிவிடுங்கள். வங்கிக் கணக்கில் தொகை, வாட்ஸ்அப்பில் பொருள், இரண்டும் சேர்ந்தால் நல்ல சாட்சி. பழையதில் ஞாபகம் இல்லாததற்கு "விலை தெரியவில்லை" என்றே எழுதுங்கள், தோன்றிய தொகையைப் போடாதீர்கள், ஒன்று பொய் என்று தெரிந்தால் மற்ற முந்நூறையும் நம்பமாட்டார்கள். விற்கும்போது ஒருவரிடம் ஒரே நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் வெள்ளி ரூபாய் 40 இருந்தது. பூஜையில் வைத்திருந்தவை. பில் ஏது? விற்றால் வரி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பெட்டி உங்களுக்கு வந்ததற்கு வரி இல்லைம்மா, விற்கும்போதுதான். பூஜைப் பொருள், சொந்த உபயோகம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தோல்பூர் மகாராஜா இதையே உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார், தங்கக் காசும் வெள்ளி ரூபாயும் பூஜைக்கு வைத்தவை என்று. 1976இல் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. தாத்தா எப்போது வாங்கினாரோ அதுவே உங்கள் தேதி. அது 2001 ஏப்ரல் 1க்கு முன் என்றால் அந்த ஏப்ரல் 1ஆம் தேதிச் சந்தை மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்குங்கள், மொத்த எடை போட்டுத் தரச் சொல்லாதீர்கள், வருடவாரியாகப் பிரித்துக் கொடுங்கள். 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது, அதற்கு முந்தையதில் 100க்கு 91 பங்குக்கு மேல் இருக்கும். சில வருடத்து ரூபாய்க்கு வெள்ளி விலையைவிட நாணய மதிப்பு பல மடங்கு, அதுவும் அறிக்கையில் வர வேண்டும். இன்றே 40ஐயும் படம் எடுத்து, பெட்டி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி, கூடப்பிறந்தவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள், வாரிசுச் சான்றிதழ் நகலையும் அதோடு வையுங்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள் தயவுசெய்து.

கேள்வி: வயலில் உழும்போது கிடைத்த பானைக் காசு என்று ஒருவர் மலிவாகத் தருகிறார், பில் கிடையாது என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். மண்ணுக்குள் கிடைத்த புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் வருடச் சட்டம், இன்றும் இருக்கிறது. தெரிவிக்காமல் விற்பதை வாங்கினால் வருமான வரிக் கணக்கில் எழுத உங்களிடம் எதுவுமே இருக்காது, எழுதினால் அதுவே உங்கள் வாக்குமூலம். அந்தப் பானை எந்த நிலத்தில், எவ்வளவு ஆழத்தில், வேறு எதனோடு கிடைத்தது என்பதும் காசோடு சேர்ந்து தொலைந்துபோகும். அவரை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள், முடிந்தால் கூடவே போங்கள்.