ஒரு பைக்குள்ள எதுக்கு இத்தனை மட்டை?

கேள்வி: துபாய்ல கோல்ஃப் கிரவுண்டுல வேலை பாக்குற எங்க காக்கா (அண்ணன்), யாரோ கழிச்சுப் போட்ட கோல்ஃப் பை ஒண்ணு கொண்டாந்தாரு. உள்ள பத்துப் பதினோரு மட்டை! கிரிக்கெட்டுக்கு ஒண்ணு போதுமே, இதுக்கு மட்டும் ஏன்? - வாசகி, கீழக்கரை

பதில்: அது கம்மிதாம்மா, ரூல்படி 14 வரைக்கும் வச்சுக்கலாம். அந்த இரும்பு மட்டைகளை வரிசையா வச்சுப் பாருங்க, 3ன்னு போட்டது பந்து படுற முகம் நிமிந்து நிக்கும், பந்து தாழ்வா தூரமாப் போகும், 9 நல்லா மல்லாந்து இருக்கும், கைப்பிடிக் கம்பும் குட்டை, பந்து உசர எழும்பிக் கிட்டயே விழும். போக வேண்டிய தூரத்துக்குத் தக்கன மட்டைய மாத்தணும், அதான் இத்தனை.

ஆனா ஆரம்பத்துல ஸ்காட்லாந்துல பெரும்பாலும் மர மட்டைதான். வில்வித்தை கெட்டுப்போகுதுன்னு 1491ல கோல்ஃபுக்குத் தடை வந்துச்சு, அப்ப ராஜாவா இருந்த அதே நாலாம் ஜேம்ஸ் 1502ல பெர்த் ஊர்ல வில்லு செய்றவர்கிட்டயே மட்டை வாங்கியிருக்காரு, ராஜாவ யாரு கேக்குறது! பிற்பாடு ரொம்பக் காலம் பந்துன்னா தோலுக்குள்ள அவிச்ச வாத்து இறகைத் திணிச்சுத் தச்சது, வெலயும் ஜாஸ்தி, இரும்பால அடிச்சா பிஞ்சுரும், அதனால மணல்லயோ வண்டித்தடத்துலயோ சிக்குனா மட்டும்தான் இரும்பை எடுப்பாங்க. 1848 வாக்குல மலேயாப் பக்கத்து மரப்பால்ல செஞ்ச கட்டாபெர்ச்சா பந்து வந்துச்சு, கடல் கடந்து சம்பாதிக்கப் போன நம்ம சபராளிங்க போய் வந்த அதே மலேயாதான். வெல கம்மி, இரும்பு அடியும் தாங்கும், ஆனா கெட்டியா இருந்ததால மட்டையோட நீள மூக்கு மரத் தலையெல்லாம் விரிசல் விட்டுச்சு, அப்புறம் தலையக் குட்டையாக்கி, முகத்துல தோல் பதிச்சு சமாளிச்சாங்க, இன்னொரு பக்கம் இரும்பு மட்டை விதவிதமாப் பெருகிருச்சு. என்னையக் கேட்டா மட்டைய மாத்துனதே பந்துதான்.

அப்புறம் கம்பு. ஹிக்கரி மரக் கம்பு ஒவ்வொண்ணும் ஒரு தினுசா வளையும், அமெரிக்காவுல 1924லயும் பிரிட்டன்ல 1929லயும் ஸ்டீல் கம்புக்கு அனுமதி கெடச்சதும் ஒரே அச்சுல செட்டு செட்டா விக்க ஆரம்பிச்சாங்க, சில பேரு 20க்கு மேல தூக்கிட்டு வந்தாங்க, பை சுமக்குற பையன் பாவம். 1938ல அமெரிக்காவுல 14ன்னு கட்டுப்பாடு, அடுத்த வருஷம் பிரிட்டன்லயும்.

கேள்வி: சீமைக்கருவேலத்துல கோல்ஃப் மட்டை செய்யலாமா சார்? - வாசகர், மண்டபம்

பதில்: கம்புக்கு ஆவாது தம்பி. இழை நேரா ஓடணும், வளைஞ்சா திரும்ப நிமிரணும், நம்ம கருவேலம் கோணிக்கிட்டுல்ல வளருது, மூட்டம் போட்டு கரியாக்குறதுதான் லாபம். தலைக்கு வேணா செதுக்கிப் பாருங்க, கெட்டி மரம்தான், ஆனா 1979ல டெய்லர்மேட் கம்பெனி ஸ்டீல் தலையோட வந்ததுக்கப்புறம் மரத் தலைக்கு மவுசு கொறஞ்சுபோச்சு, வாங்க ஆள் தேடணும்.