இளைப்பும் ஓட்டமும் – கடிதம், பதில்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரன். 14 வருடமாக ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை. வயது 48. போன வருடம் இன்சூரன்ஸுக்காக ரத்தம் கொடுத்தபோது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3, சர்க்கரை வியாதியின் வாசல் என்று வந்தது. எடை 96 கிலோ. டாக்டர் பயமுறுத்தவெல்லாம் இல்லை. அப்பாவுக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது என்று மட்டும் கேட்டார். அது போதுமாக இருந்தது. ராத்திரிச் சோற்றை நிறுத்தினேன், நடந்தேன், அப்புறம் ஓட ஆரம்பித்தேன். 11 மாதத்தில் 79 கிலோவுக்கு வந்தேன். சமீபத்தில் ஒரு அரை மாரத்தானும் முடித்தாயிற்று.

ஆனால் மூன்று மாதமாக எடை இறங்கவில்லை. வாரம் 50 கிலோமீட்டர் ஓடுகிறேன், இப்போது 81 காட்டுகிறது. ஓட்டத்தை இன்னும் கூட்டினால் குறையுமா? வீட்டிலும் யாருக்கும் சந்தோஷமில்லை. முகம் ஒட்டிப்போச்சு என்கிறாள் மனைவி. அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னய்யா, எதையும் மறைக்கியா?" என்று அழுதுவிட்டாள். இதற்கு நடுவில் ஆபீஸ் நண்பர் அடுத்த வருடம் இந்த நாட்டின் பெரிய நெடுந்தூர ஓட்டமான காம்ரேட்ஸ் ஓடுவோம், வா என்கிறார். 90 கிலோமீட்டர்! நம்மாட்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா, இல்லை இது நடுவயசுக் கிறுக்கா?

கே., மிட்ராண்ட்

அன்புள்ள கே.,

அம்மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் ஊர்ப்பக்கம் ஒருவன் மெலிந்தால் அதற்கு மூன்றே காரணம்தான்: சுகர், கடன், பெண்டாட்டியோடு சண்டை. வேண்டுமென்றே மெலிந்தான் என்பது கணக்கிலேயே கிடையாது. "நல்லா இருக்கே" என்றால் சதை போட்டிருக்கிறாய் என்று பொருள். "இளைச்சுட்டியே" என்பது துக்கம் விசாரிப்பது.

இங்கே டர்பனில் கரும்புத் தோட்டத்துக்கு நம்மாட்களை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் வந்தது 1860-ல். நாலைந்து தலைமுறையில் பேச்சுத் தமிழ் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் இந்த விசாரிப்பு போகவில்லை. நான் 18 கிலோ குறைந்து டர்பனில் நம்மாட்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ஒரு ஆயா என் மணிக்கட்டை இரண்டு விரலால் வளைத்துப் பிடித்து, வெண்டைக்காய் பொறுக்குகிற மாதிரி லேசாக அழுத்திப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதேதோ கேட்டுவிட்டு, கடைசியில் தன்னிடம் மிச்சமிருந்த தமிழில் ஒரே சொல்: "சாப்பாடு?"

முகம் ஒட்டுவது இயல்புதான். 48 வயதுத் தோல் 28 வயதுத் தோல் மாதிரி உடனே சுருங்கிக்கொடுக்காது. கொழுப்பு போன வேகத்துக்குத் தோல் வராது. ஒரு வருடம் போகட்டும். மனைவியிடம் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டுங்கள். 6.3 இப்போது எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லையே? திரும்ப எடுத்துப் பாருங்கள். அதற்காகத்தானே ஆரம்பித்தீர்கள்.

சரி, அந்த 2 கிலோ. நான் தொழிலால் கணக்கன், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஓடும்போது உடம்பு எடையில் கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 81 கிலோ ஆள் வாரம் 50 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 4,000. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய 7,700 அளவுக்கு வேண்டும். காகிதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ இறங்க வேண்டும். இறங்காது. ஞாயிற்றுக்கிழமை 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு மத்தியானம் முழுக்க சோபாவில் கிடப்போம். பசி வேறு வட்டியோடு வரும். எல்லாவற்றுக்கும் மேலே, "ஓடினேன்ல" என்று ஒரு உரிமை வந்துவிடும். அதுதான் ஆளை விழுங்குவது.

எனக்கு அந்த உரிமை டர்பன் கடற்கரையோரம் ப்ளூ லகூனில் பன்னி வடிவில் வந்தது. (ஊரிலிருந்து வந்த என் மைத்துனரிடம் "பன்னி சாப்பிடலாமா" என்று கேட்டதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பன்றி இல்லை, ரொட்டி. பன்னி சாவ் என்பது டர்பன் இந்தியர்கள் உண்டாக்கிய சாப்பாடு.) கால் ரொட்டியைக் குடைந்து உள்ளே ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். எண்ணெய் ரொட்டிச் சுவரில் ஊறிச் சிவப்பாக ஏறும். காலையில் ஓடிய 10 கிலோமீட்டர் அதற்குள் காணாமல் போகும், தேடினாலும் கிடைக்காது.

உங்கள் 2 கிலோ முழுக்கக் கொழுப்பு என்று நான் சொல்லவில்லை. நீண்ட தூரம் ஓட ஆரம்பித்தால் தசை மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமித்து வைக்கும், அதில் ஒவ்வொரு கிராமும் கூடவே இரண்டு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்துவைக்கும். தராசுக்கு அது தெரியாது. தராசை விட்டுவிட்டு இடுப்புக்கு ஒரு டேப் வாங்குங்கள். நம்மைப்போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை, வெள்ளைக்காரர்களுக்குச் சொல்கிற அளவு நமக்குப் பொருந்தாது.

ஓடுகிறவனுக்குச் சர்க்கரை வராது என்று நண்பர் சொல்லியிருப்பார். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் டிம் நோக்ஸைத் தெரியுமா? ஓட்டத்தைப் பற்றி உலகம் படித்த பெரிய நூலை எழுதியவர், 70-க்கும் மேற்பட்ட மாரத்தானும் அதற்கு மேலும் ஓடியவர். அவருக்கே இரண்டாம் வகைச் சர்க்கரை வந்தது. மாவுச்சத்தை நிறைய உண்ணச் சொன்ன தன் நூலின் பக்கங்களைக் கிழித்துவிடுங்கள் என்று அவரே பிறகு சொன்னார். அதற்கப்புறம் அவர் பிடித்த கொழுப்பு உணவுக் கட்சியில் எனக்குப் பாதி சம்மதம், பாதி சண்டை. அது வேறு கதை. இங்கே சொல்ல வந்தது இதுதான்: எடை அடுப்படியில் குறைகிறது, ஓட்டம் வேறு பேரேடு. நீங்கள் 96-லிருந்து 79-க்கு வந்தது ராத்திரிச் சோற்றை நிறுத்தியதால். ஓட்டத்துக்கு அதில் சிறு பங்கு இருக்கலாம், பாராட்டு முழுக்க அதற்குப் போய்விட்டது. இரண்டு பேரேட்டையும் ஒன்றாகத் தைத்தவன் என்ன ஆனான் என்று சொல்கிறேன்.

45 வயதில் நான் 101 கிலோ. ஷூ கயிறு கட்டக் குனிய வேண்டுமென்றால் முதலில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஷூ கட்டி, நிமிர்ந்து, மூச்சு விட்டு, அப்புறம் அடுத்த ஷூ. கடற்கரை நடைபாதையில் விடியுமுன் நடக்க ஆரம்பித்தேன். தூண்டில்காரர்களைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். ஒன்றரை வருடத்தில் 80 வந்தேன். அதோடு நின்றிருக்கலாம். காம்ரேட்ஸுக்குப் பெயர் கொடுத்த கையோடு 72 கிலோவில் ஓட வேண்டும் என்று ஆசை வந்தது. வாரம் 70 கிலோமீட்டர் ஓட்டம், தட்டில் வெள்ளரிக்காய். 73 வந்தேன். பார்த்தவர்கள் மருந்து பெயர் சொன்னார்கள்.

காம்ரேட்ஸின் திசை வருடத்துக்கு வருடம் மாறும். அந்த வருடம் ஏற்றம், அதாவது டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க். இருட்டில் நகர மண்டபத்துக்கு முன்னால் ஆயிரக்கணக்கானவர்களோடு நின்றேன். கிளம்புமுன் சேவல் கூவியது. அது மனிதச் சேவல்: மாக்ஸ் டிரிம்போர்ன் என்ற ஓட்டக்காரர் 1948-ல் பதட்டத்தில் கூவினாராம், அவர் கூவலைப் பதிவுசெய்து இன்றும் ஒலிக்கவிடுகிறார்கள். கவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில் மூன்றும் போயிற்று. பாதி வழியில் டிரம்மண்ட். அது முடிந்த கையோடு இன்சாங்கா ஏற்றம். அங்கே எனக்குத் தீர்ந்தது. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இங்கே தண்ணீரைச் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டில் தருவார்கள், ஓரத்தைப் பல்லால் கடித்து உறிஞ்ச வேண்டும். நான் அதை வாயில் வைத்தேன், கடிக்க வரவில்லை. தாடையைச் சேர்த்து அழுத்தத் தெம்பில்லை. பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன், குளிர்ச்சியாக இருந்தது.

காம்ரேட்ஸில் இரண்டு விதமான பஸ் உண்டு. ஒன்று ஓடுகிற பஸ்: அனுபவசாலி ஒருவர் டிரைவர் என்று பெயர் வைத்துக்கொண்டு முன்னால் போவார், இத்தனை நிமிடம் ஓட்டம், இத்தனை நிமிடம் நடை என்று கூட்டத்தையே பாட்டுப் பாடி இழுத்துப் போவார். அது என்னைத் தாண்டியபோது மூன்று விளக்குக் கம்பம் வரை கூடவே போனேன். இன்னொன்று நிஜமான பஸ். நேரம் தாண்டியவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவது. கேட்டோ ரிட்ஜைத் தாண்டி அதில் ஏற்றினார்கள். பக்கத்து சீட்டில் ஒரு ஜூலு பெரியவர். காலைப் பார்த்தாலே பலமுறை ஓடியவர் என்று தெரியும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வழியோர மேசையில் வாங்கிய உப்பு போட்ட அவித்த உருளைக்கிழங்கைப் பாதியாகப் பிட்டு நீட்டினார். தின்றேன். உள்ளங்கையில் ஒட்டிய உப்பையும் நக்கினேன். சோறு வெந்த வீட்டில் பட்டினி கிடந்தவனுக்கு அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

பஸ் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறக்கிவிட்டது. நம்மவர்களுக்குக் காந்தியை ரயிலிலிருந்து தள்ளிவிட்ட ஊர். எனக்கு அதைவிட அந்த ஊர்ச் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மைதான் ஞாபகம். 16 வயது. அந்த ஊரில் உட்கார்ந்து 90 கிலோமீட்டர் முடிக்கவில்லையே என்று அழ வெட்கமாக இருந்தது. கொஞ்சம் அழுதேன்.

"நம்மாட்களுக்கு ஒத்துவருமா" என்று கேட்டீர்கள். 1921-ல் விக் கிளாப்ஹாம் என்ற போர்வீரர், போரில் செத்த தோழர்கள் நினைவாக 34 பேரை வைத்துத் தொடங்கிய ஓட்டம் இது. 1975 வரை வெள்ளைக்கார ஆண்களுக்கு மட்டும். ராபர்ட் இம்ச்சாலி என்ற கறுப்பர் 1935-லேயே முழுத் தூரமும் ஓடி முடித்தார், பதக்கம் தரவில்லை. உள்ளே விடாததால் ஓடாமல் இருந்தோம் என்பது ஒன்று, ஒத்துவராது என்பது வேறு. என் கிளப்பில் ஒரு அக்கா, பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 60-க்கு மேல். முப்பாட்டன் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். அவருக்குத் தெரிந்த தமிழ் சாமி பெயர்களும் சமையலறைச் சாமான்களும்தான், ஓட்டத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். ஏற்றம் வந்ததும் பின்னாலிருந்து கத்துவார்: "மெல்ல! மெல்ல!" ஜூலு பையன்கள்கூட இப்போது அதைக் கத்துகிறார்கள். என்னை அடுத்த வருடத்துக்குத் தயார் செய்தவர் அவர்தான். அவர் சட்டம் இது: பதினாறாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட முடிந்தால்தான் சரியான வேகம். முக்கால்வாசி ஓட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும். நம் வயதில் இதயமும் நுரையீரலும் சில மாதத்தில் பழகிவிடும், குதிகால் தசைநாணும் மூட்டும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. வேகம் காட்டுகிறவன் அங்கேதான் மாட்டுவான்.

அவர் பேச்சைக் கேட்டு 78 கிலோவில் நின்றேன். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி சோறு, பருப்பு, நெய். இந்த முறை இறக்கம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன். இறக்கம் என்றால் லேசு என்று நினைக்காதீர்கள், ஃபீல்ட்ஸ் ஹில்லில் தொடை தறிகெட்டுப் போகும், ஒரு வாரம் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். 11 மணி 41 நிமிடம். 12 மணி நேரம் ஆனதும் ஒருவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். முகம் பார்த்தால் மனசு கேட்காதே. அதற்கு 19 நிமிடம் முன்னால் நான் உள்ளே. செம்புப் பதக்கம், விக் கிளாப்ஹாம் பெயரில் உள்ளது. காசு அளவுதான் இருக்கும்.

உங்களுக்கு அடுத்த வருடம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எப்படியும் அதற்கு முன் ஒரு முழு மாரத்தானை நேரத்துக்குள் முடித்துத் தகுதி பெற வேண்டும். அடுத்த வருடம் அதை ஓடுங்கள், ஏப்ரல் மாதத்தில் கேப் டவுனில் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டம் இருக்கிறது, அதையும் ஒருமுறை பாருங்கள். மிட்ராண்ட் உயரத்தில் மூச்சு வாங்கப் பழகியவர்களுக்குக் கீழே டர்பனில் காற்று தாராளம், புழுக்கம்தான் ஆளை வாட்டும். தொடங்குமுன் இதயத்தை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், அப்பா கதையையும் சேர்த்துச் சொல்லி. நீண்ட ஓட்டத்தில் வலி மாத்திரை போடாதீர்கள், சிறுநீரகம் கெட்டுப்போகலாம். தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காதீர்கள், ரத்தத்தில் உப்பு குறைந்து மயங்கி விழுந்தவர்களை காம்ரேட்ஸில்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். தனியாக இருட்டில் ஓடாதீர்கள், அதை நான் ஜோகன்னஸ்பர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு கிளப் பார்த்துச் சேருங்கள். எடை இன்னும் இறங்க வேண்டுமென்றால் ஓட்டத்தைக் குறைக்கிற மாதங்களில் சோற்றையும் குறையுங்கள், முட்டையும் பருப்பும் கூட்டுங்கள், வாரம் இரண்டு நாள் ஏதாவது கனமானதைத் தூக்குங்கள். ஓடுகிற மாதங்களில் சாப்பிடுங்கள்.

கிறுக்கா என்று கேட்டீர்கள். ஆமாம். எனக்கு இன்னும் தெளியவில்லை.

டர்பன் வந்தால் சனிக்கிழமை காலை நார்த் பீச் பார்க்ரன்னுக்கு வாருங்கள். 5 கிலோமீட்டர், இலவசம். முடித்துவிட்டு ப்ளூ லகூன் போவோம், கால் பன்னி, இருவருக்கும் சேர்த்து ஒன்று.

அம்மாவிடம் பேசும்போது போனை நெஞ்சுக்குக் கீழே இறக்கி, அண்ணாந்த மாதிரி பிடியுங்கள். கன்னம் கொஞ்சம் நிறைவாகத் தெரியும். நான் இரண்டு வருடம் அப்படித்தான் சமாளித்தேன்.