அரசியல் செய்திகளைப் பற்றிச் சொந்தமாகக் கருத்துச் சொல்லும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேட்டவரின் பிரச்சினை இது: செய்தி வந்த பத்தாவது நிமிடத்தில் நண்பர்கள் எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள், தனக்கு மட்டும் எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரிவதில்லை, சொந்தமாக ஒரு கருத்துக்கு எப்படி வருவது என்கிறார்.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் ஒரு பக்கம் உண்டு, நடுநிலை வேஷம் போடுகிற ஆள் இல்லை. ஆனால் தமிழ் இணையத்தில் நடக்கிற சண்டைகளில் நிறைய கொள்கைச் சண்டையே அல்ல. இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாக நினைத்து ஒருவர் பட்டாசு வெடிக்கிறார், இன்னொருவர் கொதிக்கிறார், அவ்வளவுதான். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, விஷயம் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை. வெறும் அறிவிப்பா, மசோதாவா, ஒப்புதல் பெற்ற சட்டமா, அமலுக்கு வந்த சட்டமா? விதிகள் வந்துவிட்டனவா, பணம் வந்ததா? இதைச் சொன்னாலே ஒரு கூட்டம் சங்கி (பா.ஜ.க. ஆள்) என்றும் இன்னொரு கூட்டம் உ.பி. (உடன்பிறப்பு, தி.மு.க. ஆள்) என்றும் முத்திரை குத்தும். குத்தட்டும். கீழே இருக்கும் உதாரணங்களில் எல்லாக் கட்சிக்கும் கொஞ்சம் உறுத்தல் இருக்கிறது.

சட்டத்திலிருந்து ஆரம்பிப்போம். மசோதா நிறைவேறுவது நிச்சயதார்த்தம் மாதிரி, தாலி ஏறும் நாள் வேறு. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய பிறகு குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும் (அரசமைப்பின் 111-ஆவது பிரிவு). மாநில மசோதா என்றால் ஆளுநர் (200). அவர் அதைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கினால் 201. இத்தனையும் முடிந்து அரசிதழில் வந்த பிறகும் சட்டம் உயிரில்லாமல் கிடக்கலாம். சட்டத்தின் முதல் பிரிவை எடுத்து, அதில் இரண்டாம் அல்லது மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள். "மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்" என்று இருந்தால், அந்த அறிவிக்கை வரும்வரை ஒன்றும் மாறாது. தேதியைப் பற்றி எதுவுமே சொல்லாத மத்தியச் சட்டம் என்றால், 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம் 5-ஆவது பிரிவுப்படி ஒப்புதல் கிடைத்த நாளிலேயே அமலுக்கு வந்துவிடும்.

நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நடந்தது இதுதான். ஊதியத் தொகுப்பு 2019-இல் நிறைவேறியது, மற்ற மூன்றும் 2020-இல். அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 21. இடைப்பட்ட காலம் முழுக்க "ஏப்ரல் 1 முதல் கையில் வாங்கும் சம்பளம் குறைகிறது", "ஜூலை 1 முதல் குறைகிறது" என்று செய்தி மாற்றிச் செய்தி சுற்றிக்கொண்டே இருந்தது. முதல் பிரிவைப் படித்திருந்தால் ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம்: அறிவிக்கை இன்னும் வரவில்லை.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் இன்னொரு வகை. 2019 டிசம்பர் 12-இல் ஒப்புதல், 2020 ஜனவரி 10 முதல் அமல். ஆனால் யார், எந்தப் படிவத்தில், யாரிடம் விண்ணப்பிப்பது என்று சொல்லும் விதிகள் வந்தது 2024 மார்ச் 11-இல். நான்கு வருடம் சட்டம் அமலில் இருந்தது, அதன்கீழ் விண்ணப்பிக்க வழி இல்லை. மகளிர் இடஒதுக்கீட்டுக்கான 106-ஆவது திருத்தம் மக்களவையில் 454-க்கு 2 என்ற வாக்கில் நிறைவேறி, 2023 செப்டம்பர் 28-இல் ஒப்புதல் பெற்றது. அந்தச் சட்டத்துக்குள்ளேயே நிபந்தனை இருக்கிறது: அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அதை வைத்துத் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் ஒதுக்கீடு. அடுத்து வந்த 2024 தேர்தலிலேயே மூன்றில் ஒரு பங்கு எங்கே என்று கேட்டவர்கள் அதைப் படிக்கவில்லை. "இப்போதே கொடுத்துவிட்டோம்" என்று மேடையில் பேசியவர்கள் படித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

நம் மாநிலத்துக்கு வந்தால் நீட் விலக்கு மசோதா. 2021 செப்டம்பர் 13-இல் பேரவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரி 8-இல் மறுபடி நிறைவேற்றினார்கள். பிறகு குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் பேரவையில் முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு முறை "நிறைவேறியது", ஒரு முறைகூடச் சட்டம் ஆகவில்லை. தலைப்பை மட்டும் படித்த மாணவன் அதை நம்பி நீட்டுக்குப் படிப்பதை விட்டிருந்தால் நஷ்டம் அவனுக்குத்தான்.

சரிபார்க்கும் வழி கஷ்டமில்லை. இந்திய அரசிதழ் இணையத்தில் இலவசம். பகுதி 2, பிரிவு 1-இல் சட்டங்களும் அவசரச் சட்டங்களும் வரும். பிரிவு 2-இல் மசோதாக்கள். பிரிவு 3, உட்பிரிவு (i)-இல் ஜி.எஸ்.ஆர். என்ற எண்ணோடு விதிகள், உட்பிரிவு (ii)-இல் எஸ்.ஓ. என்ற எண்ணோடு அறிவிக்கைகள். சட்டம் அமலாகும் தேதியைப் பெரும்பாலும் இந்தக் கடைசி இடத்தில்தான் பார்க்க முடியும். ஒரு பக்கம்கூட இருக்காது, மூன்று நான்கு வரிதான். செய்தியில் எஸ்.ஓ. எண்ணோ தேதியோ இல்லாமல் "விரைவில் அமலுக்கு வருகிறது" என்று இருந்தால், நிருபருக்கும் அது கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமான ஆட்சேபம்: "அமலுக்கு வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்கணுமா?" இல்லை. மசோதா நிலையில் கத்துவதுதான் பலன் தரும். கட்டத்தைத் தெரிந்துகொண்டால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெரியும். இதைப் போராடுகிறவர்கள் கருத்துச் சொல்கிறவர்களைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் 2021 நவம்பர் 19-இல் அறிவித்தார். தொலைக்காட்சிகள் "சட்டம் ரத்து" என்று போட்டன. தில்லி எல்லையில் இருந்த விவசாயிகள் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. நவம்பர் 29-இல் ரத்து மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, அதற்குப் பிறகும் மற்றக் கோரிக்கைகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு டிசம்பர் 11-இல்தான் கிளம்பினார்கள். அறிவிப்புக்கும் ரத்துக்கும் உள்ள தூரம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2017-இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் "அவசரச் சட்டம் வேண்டாம், நிரந்தரச் சட்டம் வேண்டும்" என்று கேட்டதும் இதே கணக்குத்தான், பாதி சரியான கணக்கு. அவசரச் சட்டத்துக்கும் முழுச் சட்டத்தின் வலு உண்டு. ஆயுள்தான் குறைவு: அவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் சட்டமாக்காவிட்டால் தானாகச் செத்துவிடும். ஜனவரி 21-இல் பிறப்பித்த அவசரச் சட்டத்துக்குப் பதிலாக 23-ஆம் தேதியே பேரவையில் மசோதா வந்துவிட்டது.

அடுத்தது அறிவிப்புகள். இதில் ஏமாறாத தமிழர் குறைவு. ஒரு திட்டம் பிறந்து வளர்வதில் எத்தனை தலைப்புச் செய்தி வரும் என்பதற்கு மதுரை எய்ம்ஸ் போதும். 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்ற அறிவிப்பு, 2018 ஜூனில் தோப்பூர் தேர்வு, டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், 2019 ஜனவரி 27-இல் அடிக்கல், 2021 மார்ச்சில் ஜப்பானின் ஜைக்கா கடன் ஒப்பந்தம். ஒவ்வொன்றும் "மதுரைக்கு எய்ம்ஸ்" என்று தனித்தனியாகக் கொண்டாடப்பட்டது. 2022 வரை கட்டடம் மட்டும் எழவில்லை, அந்த ஆண்டு முதல் மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தார்கள். மாநில அறிவிப்புகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. பேரவையில் விதி 110-இன் கீழ் முதலமைச்சர் படிப்பது விவாதம் இல்லாத அறிவிப்பு. அதன் பிறகு நிர்வாக ஒப்புதலும் நிதி ஒதுக்கீடும் சொல்லும் அரசாணை, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று வரிசை இருக்கிறது. அரசாணை எண் இல்லாத திட்டத்தைப் பற்றி, நல்லதோ கெட்டதோ, அழுத்தமான கருத்து தேவையில்லை.

பட்ஜெட்டில்தான் படித்தவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். பட்ஜெட் ஆவணத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு பத்தி (நெடுவரிசை) இருக்கும்: முந்தைய ஆண்டின் கணக்கு (உண்மையில் செலவானது), நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு. எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து அதே எண் வெட்டாகவும் தெரியும், வாரி வழங்கியதாகவும் தெரியும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தைப் பாருங்கள். 2022-23-க்கு முதலில் ஒதுக்கியது 73,000 கோடி, திருத்திய மதிப்பீடு 89,400 கோடி. 2023-24-க்கு 60,000 கோடி என்று அறிவித்தார்கள். பட்ஜெட்டோடு பட்ஜெட்டை ஒப்பிட்டால் 18% வெட்டு, திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 33% வெட்டு. இரண்டு எண்ணும் சரி, இரண்டு தரப்பும் தனக்குத் தோதானதைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஆண்டு நடுவில் பணம் போதாமல் கூட்டி, 2023-24-இன் திருத்திய மதிப்பீடு 86,000 கோடி ஆனது. அடுத்த ஆண்டுக்கும் அதே 86,000 கோடி. இதை 60,000-த்தோடு ஒப்பிட்டு "43% உயர்வு" என்று போட்டார்கள். 86,000-த்தோடு ஒப்பிட்டால் உயர்வு பூஜ்யம். விலைவாசியைக் கழித்தால் அதற்கும் கீழே. இன்னொரு ஓட்டையும் இருந்தது: முந்தைய ஆண்டு கொடுக்காமல் வைத்த கூலிப் பாக்கி புது ஆண்டு ஒதுக்கீட்டிலிருந்துதான் போனது, ஆக ஒதுக்கிய தொகை முழுவதும் புது வேலைக்கு இல்லை.

என் கருத்தைக் கேட்டால், முதலில் குறைத்துக் காட்டிப் பிறகு நடுவில் கூட்டுவது நிதிக் கட்டுப்பாடு அல்ல, பட்ஜெட் நாளில் பற்றாக்குறை எண்ணை அழகாக வைக்கும் வித்தை. மறுப்பவர்கள் மறுக்கலாம், ஆனால் நான்கு பத்தியையும் முன்னால் வைத்துக்கொண்டு மறுங்கள்.

நீதிமன்றச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். "நீதிபதிகள் சரமாரிக் கேள்வி", "உச்ச நீதிமன்றம் காட்டம்" என்பவை விசாரணையில் வாய்மொழியாகச் சொன்னவை. அன்றைய உத்தரவில் அவற்றில் ஒரு எழுத்துகூட இல்லாமல் போகலாம், எழுத்தில் இருப்பதுதான் கட்டுப்படுத்தும். "தடை விதிக்க மறுப்பு" என்றால் சட்டம் செல்லும் என்று அர்த்தம் இல்லை. கட்சிகளுக்குப் பெயர் வெளியில் தெரியாமல் நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களுக்குத் தடை விதிக்க உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் மறுத்தது. அதே திட்டத்தை 2024 பிப்ரவரி 15-இல் ஐந்து நீதிபதிகள் செல்லாது என்றார்கள். காரணம் சொல்லாமல் மேல்முறையீட்டு அனுமதி மனுவைத் தள்ளுபடி செய்தால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஆமோதித்ததாகவும் ஆகாது.

தமிழ்நாட்டு மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தராத விவகாரத்தில் 2025 ஏப்ரல் 8-இல் இரு நீதிபதிகள் கொடுத்தது தீர்ப்பு, பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்றார்கள். நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் சொன்னது, குடியரசுத் தலைவர் 143-ஆவது பிரிவின்கீழ் கேட்ட கேள்விகளுக்கான ஆலோசனைக் கருத்து: ஒப்புதல் தர ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும் செல்லாது. இது அந்தத் தீர்ப்பின் மேல்முறையீடு அல்ல, ஆனால் இனி வரும் வழக்குகளில் இதன் எடை பெரிது. "தீர்ப்பு ரத்து" என்றும் "இது வெறும் கருத்துதான்" என்றும் அன்று இரண்டு பக்கமும் எழுதியதில் இரண்டுமே அரைகுறை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மூல ஆவணத்தைப் படியுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்யலாம், ஆவணம் எந்த லட்சணத்தில் கிடைக்கிறது? கணினியில் தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை ஸ்கேன் செய்து கோணலாக ஏற்றிவைக்கிறார்கள். ஒரு சொல்லைத் தேட முடியாது, ஒரு வரியை நகலெடுக்க முடியாது, பார்வையற்றவரின் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். ஸ்கேன் அல்லாத கோப்பு கிடைத்தாலும் சில நேரம் பழைய எழுத்துருவில் இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் "¹ªî" என்று ஏதோ வரும். தமிழில் ஆட்சி என்று முழங்குகிற எல்லாக் கட்சியும் ஆண்ட பிறகும் இந்த நிலை. யூனிகோடில் ஒரு கோப்பை ஏற்றுவதற்கு எந்த மசோதாவும் வேண்டாம், யாருடைய ஒப்புதலும் வேண்டாம்.

மாநில விஷயங்களுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது, யாரும் சீண்டுவதில்லை: மானியக் கோரிக்கையின்போது (தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதல் கேட்கும்போது) ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. தமிழிலேயே வரும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று துறையே எழுதிக் கொடுப்பது. இந்த ஆண்டுக் குறிப்பையும் மூன்று ஆண்டு முந்தைய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அப்போது "பணிகள் நடைபெற்று வருகின்றன" என்று இருந்த திட்டங்களை இப்போது தேடுங்கள். சிலது முடிந்திருக்கும், சிலது அதே வாக்கியத்தில் அப்படியே நிற்கும், சிலதின் பெயரே இருக்காது. எந்தத் துறையில் உங்களுக்கு ஆர்வமோ அதில் ஆரம்பியுங்கள்.