முகம் பார்க்காத அக்கா வீட்டு விழாவுக்குப் போகலாமா?

வணக்கம் அம்மா. எனக்கு 34 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். ஒரே மகள், 9 வயது. ஆறு வயதில் திடீரென்று இளைத்தாள். இரவெல்லாம் தண்ணீர் கேட்டாள். வாந்தியும் மூச்சிரைப்புமாகத் தூக்கிக்கொண்டு ஓடியபோது சர்க்கரை 480. டைப் 1 நீரிழிவு என்றார்கள். அன்றிலிருந்து தினமும் நான்கு ஊசி.

மாமியார் அன்றே சொல்லிவிட்டார்: "வெளியே மூச்சு விடாதே. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கிறது." சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. விசேஷ வீடுகளில் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஊசி போடுகிறேன். பிள்ளை ஏன் இளைத்திருக்கிறாள் என்று கேட்பவர்களிடம் குடற்புழு என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், மருத்துவமனையில் பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு தாய் என்னை வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்துவிட்டார். டைப் 1 பிள்ளைகளின் அம்மாக்கள், எழுபது எண்பது பேர். ஒரு நாள் அதிகாலை 3 மணிக்கு மகளுக்குச் சர்க்கரை 56-க்கு இறங்கிவிட்டது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மறுபடி குத்திப் பார்க்க வேண்டிய அந்தப் பதினைந்து நிமிடத்தில், "யாராவது விழித்திருக்கிறீர்களா?" என்று எழுதினேன். ஈரோட்டிலிருந்து ஓர் அக்கா உடனே, "நான் இருக்கிறேன், சொல்லும்மா" என்றார். 94 வரும்வரை கூடவே இருந்தார். இன்று அவரிடம் சொல்லாதது என் வாழ்க்கையில் எதுவும் இல்லை. நேரில் மட்டும் பார்த்ததில்லை.

அக்காவின் மகளுக்கு 13 வயது, அவளுக்கும் டைப் 1. அடுத்த மாதம் மஞ்சள் நீராட்டு விழா. "உன் மகளையும் கூட்டிக்கொண்டு வா" என்கிறார். அவர் எதையும் மறைப்பதில்லை, ஊரறியத்தான் வளர்க்கிறார். என் கணவர், "முகம் தெரியாதவர் வீட்டுக்கு என் பெண்ணை அனுப்ப மாட்டேன். அவர்கள் உனக்கு யார்?" என்கிறார். என் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். "சில நாள் இந்த ஊசிப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு எங்காவது போய்விடலாம் போலிருக்கிறது" என்று அக்காவுக்கு எழுதியிருந்தேன். அதைப் படித்த நாளிலிருந்து மூன்று வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. மகள் நன்றாகத் தூங்கும் இரவுகளில்கூட நான் எழுந்து குழுவைப் பார்க்கிறேன் என்பதும் அவருக்குக் கோபம். நான் தப்புச் செய்கிறேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

போய் வாருங்கள். விளக்கத்தைப் பிறகு சொல்கிறேன், முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் உங்களுக்கு யார் என்ற கேள்விக்கு உறவுமுறையில் பதில் இல்லை. 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விடத் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சந்தித்துப் பேசினார்கள். முன்பின் அறியாதவர்கள். உறவினர் எத்தனையோ பேர் சொல்லியும் இறங்காதது, அதே குழியில் கிடந்த இன்னொருவர் பேசியபோது இறங்கியது. குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அப்படித்தான் தொடங்கியது. 56 என்ற எண்ணைப் பார்த்ததும் வயிற்றில் என்ன நடக்கும் என்று ஈரோட்டு அக்காவுக்கு நீங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை, இல்லையா?

அந்த ஊசிப் பெட்டி வாக்கியத்தைப் பற்றி நீங்கள் வெட்கப்பட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் வரும் இந்தச் சோர்வுக்கு மருத்துவத்தில் 'டயபடீஸ் டிஸ்ட்ரெஸ்' என்று தனிப் பெயரே உண்டு. நோயாளிகளிடம் அதை அளக்க 1995 முதல் ஒரு வினாப்பட்டியலும் இருக்கிறது. ஒரு நாளும் விடுப்பில்லாத வேலையில் இருப்பவர் அப்படி எழுதத்தான் செய்வார். ஆனால் அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று மாறினாலோ குழுவோடு நிற்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இனி உங்கள் கணவர். கடிதத்தில் அவர் வில்லனைப் போல வருகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மனைவி ஓடிப்போக நினைத்ததை ஒரு மனிதர் போன் திரையில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அவருக்கு வலித்தது ஈரோடு இல்லை, தனக்கு முன்னால் ஈரோட்டுக்குத் தெரிந்துவிட்டது என்பதுதான். (போனை எடுத்துப் பார்த்தது சரியில்லை, அதையும் அவரிடம் சொல்லுங்கள்.) அவருக்கென்று எழுபது அப்பாக்கள் இல்லை என்பதையும் யோசியுங்கள். மகளுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் யாரிடம் பேசியிருப்பார்? அவர் அம்மாவோ மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டார்.

ஒரு வேலை செய்யுங்கள். வாரத்தில் இரண்டு இரவுகள் 3 மணிப் பரிசோதனையை அவரிடம் ஒப்படையுங்கள். குளுக்கோமீட்டரில் சொட்டு வைத்து, எண் வருவதற்காக அந்த ஐந்து விநாடி அவரும் காத்திருக்கட்டும். அந்த இரவுகளில் உங்கள் போன் கூடத்தில் இருக்கட்டும். நீங்கள் எழுந்து குழுவைப் பார்ப்பது காவல்காரர் வேலை. எண்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் நீங்கள் ஒருவரே விழித்திருக்க முடியாது.

குழுவில் எதை வாங்கிக்கொள்வது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். ஆறுதல், பள்ளி ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது, மின்வெட்டில் மண்பானையில் இன்சுலின் வைப்பது, இதெல்லாம் அம்மாக்களிடம்தான் கிடைக்கும். ஊசியின் அளவு மருத்துவரிடம் மட்டுமே. இலைப் பொடியில் இன்சுலினை நிறுத்தலாம் என்று யாராவது எழுதினால் அந்தப் பேச்சிலிருந்தே விலகுங்கள். டைப் 1இல் உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தின் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. ஊசியை நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகும். மகளின் படத்தையும் பெயரோடு கூடிய பரிசோதனை அறிக்கையையும் குழுவில் போடாதீர்கள். பெரியவளானதும் அவை அவளுடையவை.

உங்கள் கடிதத்தில் மகள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, கவனித்தீர்களா? உங்களுக்கு அக்கா கிடைத்தார். அவளுக்கு இதுவரை கிடைத்தது சாத்திய கழிவறைக் கதவு. தன்னைப் போலவே ஊசி போட்டுக்கொள்ளும் இன்னொரு பெண்ணை அவள் மருத்துவமனைக்கு வெளியே எங்காவது பார்த்திருப்பாளா? பட்டுப்பாவாடையும் மாலையுமாக, ஊரே பார்க்க, இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பதின்மூன்று வயதுப் பெண் தன் இன்சுலின் பேனா ஊசியை எடுத்து வயிற்றில் போட்டுக்கொண்டு பாயசத்துக்குக் கை நீட்டுவதை அவள் ஒரு முறை பார்க்க வேண்டும். நான் போகச் சொல்வது அதற்காகத்தான்.

போவதற்கு முன் கணவரையும் உட்காரவைத்து அக்காவோடும் அவர் வீட்டுக்காரரோடும் வீடியோவில் ஒரு தடவை பேசிவிடுங்கள். முகம் தெரியாது என்ற பயத்துக்கு முகத்தைக் காட்டுவதுதான் வழி, அது நியாயமான பயமும்கூட. கும்பகோணத்தில் ஜனசதாப்தி ஏறினால் நேராக ஈரோடு. இன்சுலினைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் குளிர்ப் பையோடு வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெயில் படக் கூடாது.

டிக்கெட்டை மூன்றாக எடுங்கள். அவர் வரவில்லை என்றால் ஒன்றை ரத்து செய்துகொள்ளலாம்.